பள்ளிப் பேருந்தின் முதல் படி: சிறப்புக் கல்வி நிதிக்காக ஒரு பிசியோதெரபிஸ்ட் அரசியல்வாதியிடம் பேசுவது எப்படி

முதல் முறை போனபோது எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். அதில் பன்னிரண்டு நிமிடத்தை மூளை முடக்குவாதத்தின் வகைகளைப் பற்றிப் பேசியே தீர்த்துவிட்டேன். டாலஸ் பக்கம், எங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் உள்ளூர் அலுவலகம் அது. எதிரே இருந்த உதவியாளருக்கு இருபத்து நாலு வயது இருக்கலாம். பொறுமையாகக் குறிப்பெடுத்தான் பையன். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "சரி மேடம், எங்கள் உறுப்பினர் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. "சிறப்புக் கல்விக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று உளறிவிட்டு வந்தேன்.

காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பதினெட்டு வருடமாகப் பள்ளியில் பிசியோதெரபிஸ்ட் வேலை. ஐஇபி என்பது சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதும் தனிக் கல்வித் திட்டம். அதற்கு நூற்றுக்கணக்கான இலக்குகள் எழுதியிருக்கிறேன். "மாணவர் நடையில் முன்னேறுவார்" என்று எவராவது எழுதினால் முகம் சுளிப்பவள் நான். யார், எதை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யார் அளப்பது என்று கேட்பேன். அப்படிப்பட்டவள் இலக்கே இல்லாமல் ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் வேலை செய்யும் தமிழ் தெரபிஸ்ட்கள் நிறையப் பேர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். பிள்ளைகளின் பெற்றோரும் கேட்கிறார்கள். அதனால் அன்றைக்குப் பிறகு கற்றதை எழுதி வைக்கிறேன். டெக்சாஸ் எனக்குத் தெரிந்த ஊர் என்பதால் உதாரணங்கள் இங்கிருந்துதான் வரும். மற்ற மாநிலங்களில் சட்டசபை நடைமுறை மாறும், வாஷிங்டன் பகுதி எல்லோருக்கும் ஒன்றே.

முதலில் பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமான, பொருத்தமான அரசுப் பள்ளிக் கல்வி தர வேண்டும் என்றது அது. 1990-இல் அதற்கு ஐடியா (IDEA) என்று பெயர் மாறியது. தெரபியை அது "தொடர்புடைய சேவை" என்கிறது. அதாவது பிள்ளை கல்வியால் பலன் பெறத் தேவையாக இருந்தால் மட்டுமே பள்ளியில் நமக்கு இடம். கையெழுத்திடும்போதே ஃபோர்ட், மத்திய அரசால் கொடுக்க முடியாத அளவுக்கு இந்தச் சட்டம் வாக்குறுதி தருகிறது என்று ஓர் அறிக்கையும் விட்டார். மனுஷர் சொன்னது அப்படியே பலித்தது.

நாட்டில் ஒரு மாணவருக்குச் சராசரியாக ஆகும் செலவில் 40 சதவீதம் வரை, சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மத்திய அரசு கொடுக்கலாம் என்பது கணக்கு. 1978-இல் 5 சதவீதத்தில் தொடங்கி 1982-இல் 40-ஐத் தொடுவதாகத் திட்டம். தொடவே இல்லை. 2009-இல் பொருளாதார மீட்புச் சட்டத்தில் ஒரு முறை வந்த கூடுதல் பணத்தை ஒதுக்கிவிட்டால், அந்தச் சராசரிச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எந்த ஆண்டும் எட்டியதில்லை. 2024 நிதியாண்டில் மாநிலங்களுக்கான முக்கிய மானியம் சுமார் 1,420 கோடி டாலர். பிள்ளைகள் சுமார் 75 லட்சம். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 1,900 டாலர்கூடத் தேறாது. ஒரு நல்ல நடைப்பயிற்சிச் சட்டகத்தின் விலையே சில ஆயிரம்.

இதில் நம்மைத் தவிர வெளியாட்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பணம் குறைந்தாலும் ஐஇபியில் எழுதிய சேவையைக் கொடுத்தே தீர வேண்டும். "நிதி இல்லை" என்பது சட்டப்படி பதில் ஆகாது. அதனால் வெட்டு காகிதத்தில் தெரியாது. பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, பொது நிதியிலிருந்து எடுத்து நிரப்பும், பக்கத்து வகுப்பில் ஓர் உதவியாளரைக் குறைக்கும், ஓய்வு பெற்ற தெரபிஸ்டின் இடத்தை நிரப்பாமல் விடும். காகிதத்தில் பிள்ளைக்கு முப்பது நிமிடம் அப்படியே இருக்கும். உங்கள் காரின் மைல் கணக்குதான் ஏறும். போன வருடம் என் கணக்கு: 14 பள்ளிகள், 61 பிள்ளைகள், வாரத்துக்கு 190 மைல். இந்த மூன்று எண்களையும் எவரும் எந்த அறிக்கையிலும் கேட்பதில்லை. உங்களுடைய எண்களை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். எந்தப் புள்ளிவிவரத்தையும் விட அவை வேலை செய்யும்.

பணம் வரும் இரண்டாவது குழாய் மெடிக்கெய்டு, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. 1988-இல் வந்த ஒரு சட்டத் திருத்தத்தால், தகுதியுள்ள பிள்ளைக்கு ஐஇபிப்படி கொடுக்கும் தெரபிக்குப் பள்ளிகள் மெடிக்கெய்டிடம் பணம் கேட்க முடிகிறது. டெக்சாஸில் இதை ஷார்ஸ் என்போம். "செவ்வாய்க்கிழமை காலை 10:17-க்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று திடீரென்று ஒரு மின்னஞ்சல் வந்து நம்மை எரிச்சலூட்டுமே, அந்த நேரக் கணக்கெடுப்பு இதற்காகத்தான். அலுத்துக்கொள்ளாமல் பதில் போடுங்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் மெடிக்கெய்டுக்கான மத்திய அரசின் செலவைப் பத்தாண்டுகளில் பெரிய அளவில் குறைக்கிறது. மாநிலங்களின் கை இறுகும்போது பள்ளிகளுக்கு வரும் பங்கு என்ன ஆகும் என்பதுதான் இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது மாநிலம். இங்கே டெக்சாஸுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 2004-இலிருந்து மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருக்கக் கூடாது என்பதுபோல ஓர் இலக்கை மாநிலம் வைத்திருந்தது. 2016-இல் ஒரு பத்திரிகை அதை வெளிக்கொண்டு வந்தது, 2017-இல் சட்டசபை அதை ஒழித்தது, 2018-இல் மத்திய கல்வித் துறை மாநிலம் சட்டத்தை மீறியதாகவே கூறியது. அப்புறம் ஒளிந்திருந்த பிள்ளைகள் வெளியே வந்தார்கள். நிதிச் சூத்திரமோ பழையதாகவே இருந்தது: பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்க்காமல், எந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துப் பணம். பொது வகுப்பில் உட்கார்ந்தால் அடிப்படைத் தொகையில் 1.15 மடங்கு, அதே பிள்ளை தனி வகுப்புக்குப் போனால் 3 மடங்கு. 2023-இல் இதை மாற்றும் முயற்சி தனியார் பள்ளி உதவித்தொகைச் சண்டையில் சிக்கிச் செத்தது. 2025-இல் சுமார் 850 கோடி டாலர் பள்ளி நிதிச் சட்டம் வந்தது. அதில் ஏறத்தாழ 85 கோடி சிறப்புக் கல்விக்கு. சேவையின் தீவிரத்தைப் பார்த்துப் பணம் தரும் முறையும் அதோடு வந்தது, 2026-27 கல்வியாண்டிலிருந்து.

வேண்டுகோளை ஐஇபி இலக்கு போல எழுதுங்கள்

ஒரு சந்திப்புக்கு ஒரே ஒரு வேண்டுகோள். என் இரண்டாவது முயற்சியில் நான் எழுதிக்கொண்டு போனது இது: "வரும் நிதியாண்டுக்கான தொழிலாளர், சுகாதாரம், கல்வி ஒதுக்கீட்டு மசோதாவில் ஐடியா மாநில மானியத்தை உயர்த்தக் கோரி, உங்கள் உறுப்பினர் துணைக்குழுவுக்கு எழுதும் வேண்டுகோள் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும். உங்கள் அலுவலகத்தின் கடைசித் தேதிக்கு முன்பாக." யார், எதை, எப்போது, எல்லாம் இருக்கிறது. உதவியாளரால் "சேர்த்தாயிற்று" அல்லது "சேர்க்கவில்லை" என்று பதில் சொல்ல முடியும். அந்தப் பையன் இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மசோதாவுக்கு ஆதரவு கேட்பதும் இதே வகைதான். 40 சதவீதத்தைப் படிப்படியாக எட்டச் சொல்லும் ஐடியா முழு நிதி மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் ஜாரெட் ஹஃப்மனும், செனட்டில் கிறிஸ் வான் ஹாலனும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் உறுப்பினர் அதில் இணை முன்மொழிபவராகச் சேர்ந்திருக்கிறாரா என்று காங்கிரஸ் தளத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டுப் போங்கள். ஏற்கெனவே சேர்ந்தவரிடம் போய்ச் சேரச் சொன்னால் சிரிப்பார்கள். அவரிடம் நன்றி சொல்லிவிட்டு வேறொன்று கேளுங்கள்.

காலம் ரொம்ப முக்கியம். மத்திய நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. எல்லோரும் செப்டம்பரில் கூச்சல் போடுவார்கள், அப்போது மாவு புளித்துப் போயிருக்கும். உறுப்பினர்கள் தங்கள் கோரிக்கைகளைத் துணைக்குழுவுக்கு அனுப்புவது பொதுவாக வசந்த காலத்தில். ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போங்கள். டெக்சாஸ் சட்டசபையோ வழக்கமாக ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரி இரண்டாவது செவ்வாயிலிருந்து அதிகபட்சம் 140 நாள் கூடும். அடுத்தது 2027 ஜனவரி. இடைப்பட்ட காலத்தில்தான் உறுப்பினர்களுக்குக் காது இருக்கும்.

படியைப் பற்றிப் பேசுங்கள், தசையைப் பற்றி அல்ல

நான் இப்போது ஒரே ஒரு கதைதான் சொல்கிறேன். வீட்டுப் படிக்கட்டின் உயரம் ஏழு அங்குலம் அளவில் இருக்கும். பள்ளிப் பேருந்தின் முதல் படி கிட்டத்தட்ட ஓர் அடி. ஒரு பெண் பிள்ளை, எட்டு வயது, அந்த ஒரு படியை ஏற முடியாததால் தினமும் தோழிகள் போகும் பேருந்தை விட்டுவிட்டு, லிஃப்ட் பொருத்திய வண்டியில் தனியாகப் போனாள். ஆறு மாதம், வாரம் அரை மணி. முதலில் நான்கு அங்குலப் பலகை, பிறகு எட்டு, பிறகு கைப்பிடியோடு பன்னிரண்டு. ஏறிவிட்டாள். மாவட்டம் அவளுக்காகத் தனி வண்டி அனுப்புவது நின்றது. கதையில் ஒரு பிள்ளை, ஒரு படி, ஒரு செலவு. நாற்பது நொடிதான். அதற்கு அப்புறம், "அந்த அரை மணி நேரத்துக்கான பணத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்" என்று வேண்டுகோளுக்குப் போய்விடுவேன்.

இந்தக் கதையில் பெயர் இல்லை, பள்ளி இல்லை, நோயின் பெயர்கூட இல்லை. வயதையும் வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன், தாயிடம் அனுமதியும் வாங்கியிருக்கிறேன். மாணவர் பதிவுகளின் இரகசியத்தைக் காக்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் நம்மையும் கட்டும். அரிதான நோயின் பெயரைச் சொன்னால் சின்ன ஊரில் பெயரைச் சொன்ன மாதிரிதான்.

பரிதாபத்தைத் தூண்டாதீர்கள். உறுப்பினரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து "பாருங்கள், எவ்வளவு கஷ்டம்" என்று படம் காட்டும் வேலையும் வேண்டாம். 1977-இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடிய ஜூடி ஹியூமனும் தோழர்களும் சான் ஃபிரான்சிஸ்கோவின் மத்திய அரசுக் கட்டடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்து போராடித்தான் மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தக் கூடாது என்கிற 504-ஆம் சட்டப் பிரிவின் விதிகளில் கையெழுத்து வாங்கினார்கள். வழி போட்டவர்கள் அவர்கள். நாம் பக்கத்தில் நிற்கிறவர்கள். முடிந்தால் ஒரு பெற்றோரோடு, இன்னும் முடிந்தால் ஐஇபியோடு படித்து வளர்ந்த ஒருவரோடு போங்கள். அவர்கள் பேசட்டும், எண்ணை நீங்கள் சொல்லுங்கள்.

"உங்கள் வேலைக்காகத்தானே கேட்கிறீர்கள்?" என்று ஒரு நாள் கேட்பார்கள். என்னிடம் கேட்டார்கள். நெளியாதீர்கள். "ஆமாம், என் சம்பளமும் இதில் இருக்கிறது. நான் போய்விட்டாலும் அந்த 61 பிள்ளைகள் இருப்பார்கள்" என்றேன். பேச்சு அடுத்ததற்குப் போய்விட்டது.

வேலைக்கும் விசாவுக்கும் ஆபத்து வராமல்

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வரும். "அக்கா, நாங்க விசாவுல இருக்கோம், இதெல்லாம் பண்ணலாமா?" என்று ஒரு தம்பதி கோயிலில் வைத்துக் கேட்டார்கள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். பண்ணலாம். அரசிடம் முறையிடும் உரிமையை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் மக்களுக்குத் தருகிறது. குடிமக்களாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. உறுப்பினரின் தொகுதியில் குடியிருந்தால் போதும், முகவரி கேட்பார்கள், சொல்லுங்கள். செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, குடியுரிமை இல்லாதவர் வாக்காளராகப் பதியவே கூடாது. ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்தில் யாராவது படிவத்தை நீட்டினாலும் கூடாது, பின்னால் பெரிய தலைவலி. இரண்டு, எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் தேர்தல் நிதியோ, பிசியோதெரபி சங்கத்தின் அரசியல் நிதிக் குழுவுக்கு நன்கொடையோ கொடுக்கக் கூடாது. பச்சை அட்டை இருந்தால் கொடுக்கலாம். பணம் கொடுக்காமலும் வாய் பேசலாம் என்பதை நம்மவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

வேலை விஷயம் சற்று நுணுக்கமானது. இல்லினாய் மாநிலத்தில் மார்வின் பிக்கரிங் என்ற ஆசிரியர், பள்ளி வாரியம் பணத்தைக் கையாண்ட விதத்தைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதால் வேலையை இழந்தார். 1968-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பொது விஷயத்தில் ஒரு சாதாரண மனிதராகப் பேச அரசு ஊழியருக்கும் உரிமை உண்டு என்றது. ஆனால் 2006-இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், வேலையின் பகுதியாகப் பேசுவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றது. ஆகவே கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளி மின்னஞ்சல் வேண்டாம், பள்ளி மடிக்கணினி வேண்டாம், பள்ளி நேரம் வேண்டாம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையும் கழற்றி வையுங்கள். விடுப்பு எடுத்துப் போங்கள். "நான் பள்ளிகளில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட், உங்கள் தொகுதியில் குடியிருக்கிறேன்" என்பதோடு நிறுத்துங்கள். மாவட்டத்தின் பெயர் தேவையில்லை. "எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சேவை கிடைப்பதில்லை" என்று கூட்டத்தில் போட்டு உடைப்பது வேறு வகைப் புகார், அதற்கு வேறு வழி இருக்கிறது. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

போனும் கடிதமும்

நேரில் போக முடியாதவர்கள் 202-224-3121 என்ற காங்கிரஸ் தொலைபேசி நிலையத்தை அழைத்து உறுப்பினரின் பெயரைச் சொன்னால் இணைப்பார்கள். ஊர், பின்கோடு, தொழில், வேண்டுகோள், நன்றி. ஒரு நிமிடம். நம் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எடுப்பவர் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவராகத்தான் இருப்பார். பயம் அவருக்கும் இருக்கும். சங்கத்தின் தளத்தில் தயாராக இருக்கும் கடிதத்தை அனுப்பினால் அது கட்டோடு கட்டாக எண்ணப்படும். முதல் இரண்டு வரியை அழித்துவிட்டு உங்கள் மைல் கணக்கை எழுதுங்கள், அதை ஓர் ஆள் படிப்பார்.

ஆஸ்டினில் சாட்சி சொல்வது

ஆஸ்டின் டெக்சாஸின் தலைநகர், சட்டசபை இருக்கும் ஊர். அங்கே குழுக் கூட்டத்தில் மசோதாவைப் பற்றிப் பொதுமக்களும் பேசலாம். ஒரு முறையாவது இதைச் செய்து பாருங்கள். டாலஸிலிருந்து 200 மைல், அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினேன். சான் ஹசின்டோ தெருவில் பார்வையாளர் நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு, சட்டசபைத் தலைமைக் கட்டடத்துக்கு வடக்கே நிலத்துக்குள் கட்டிய பகுதிக்குப் போக வேண்டும். குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான். சாட்சியாகப் பதியும்போது மசோதாவை "ஆதரிக்கிறேன்", "எதிர்க்கிறேன்", "அதைப் பற்றி" என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேடையில் இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். அந்த மூன்று நிமிடத்துக்காக நான் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் நள்ளிரவு தாண்டுவதும் உண்டு. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். கீழே உணவகம் இருக்கிறது, ஆனால் சாயங்காலத்தை நம்ப முடியாது. எழுதி வைத்ததைப் படிக்காதீர்கள், எழுத்தில் கொடுத்துவிட்டுப் படியின் கதையைச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் அதிர்ஷ்டம், ஏனென்றால் பதில் சொல்லும் நேரம் உங்கள் மூன்று நிமிடத்தில் கழியாது. தெரியாவிட்டால் "நாளை எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லி, மறுநாள் அனுப்பிவிடுங்கள்.

சந்திப்புக்குப் பிறகு

இதில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சை முடிந்ததும் குறிப்பு எழுதாமல் போவோமா? அன்று இரவே மின்னஞ்சல்: நன்றி, அந்த ஒரு வேண்டுகோள் மறுபடி, ஒரு பக்கக் காகிதம். மூன்று வாரம் கழித்து, "பட்டியலில் சேர்ந்ததா?" என்று ஒரே வரி. நான் கேட்ட முதல் ஆண்டு பதிலே வரவில்லை. இரண்டாம் ஆண்டு "பரிசீலித்தோம், சேர்க்கவில்லை" என்று வந்தது. அதையும் நோட்டில் எழுதி வைத்தேன். மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் போனபோது அந்தப் பையன் ஒரு செனட்டரின் அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தான். போகும் முன் என் ஒரு பக்கக் காகிதத்தைக் கோப்பிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். புதிதாக வந்த பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "61 பிள்ளைகளா?" என்று கேட்டாள். "இப்போது 66" என்று சொல்லிவிட்டு, பேருந்தின் முதல் படி எத்தனை அங்குலம் என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.